எந்தச் சுவர் சத்தத்தைத் தடுக்கும்? வீட்டுக் கடன் கேட்கும் முன் ஒரு பாடம்



இந்த மாதப் பாடம் சுவரைப் பற்றியது. சுவருக்கும் மகளிர் குழுவுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்கலாம். சம்பந்தம் இருக்கிறது. ஒரு கடன் விண்ணப்பத்தில்தான் இந்தப் பாடமே ஆரம்பித்தது.

தாம்பரத்துக்குத் தெற்கே, ரயில் பாதையை ஒட்டிய ஒரு ஊரில் நம் குழுக் கூட்டம். சேமிப்பு வாங்கி முடித்து, கடன் பேச்சு வந்தது. ஒரு உறுப்பினர் உள்கடனாக நாற்பதாயிரம் கேட்டார். எதற்கு என்றால், வீட்டின் ரயில் பக்கத்துச் சுவர் நாலரை இஞ்ச். அதோடு சேர்த்து வெளியே இன்னொரு வரிசை செங்கல் வைத்து ஒன்பது இஞ்ச் ஆக்க வேண்டும். மகள் பத்தாம் வகுப்பு. கணவருக்குக் கம்பெனியில் நைட் ஷிஃப்ட். “பகல்ல அவரு தூங்க முடியலை, ராத்திரி இவ படிக்க முடியலை. ரெண்டு பேருக்கும் நடுவுல நான் கிடந்து அல்லாடுறேன்” என்றார்.

குழுவில் பேச்சு இரண்டாகப் பிரிந்தது. “இது தொழில் கடனா? வருமானம் வராத செலவுக்கு இவ்வளவு பெரிய தொகையா?” என்றார் ஒருவர். “பொண்ணு படிப்பை விடப் பெரிய தொழில் என்ன இருக்கு?” என்றார் இன்னொருவர். கடைசியில் ஊக்குநர் எங்களைப் பார்த்தார். “நீங்க சொல்லுங்க மேடம், சுவரைத் தடியாக்கினா சத்தம் நிக்குமா?”

எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. அதற்கு முன்பு வேறொரு குழுவில் இதே மாதிரி ஒரு கேள்வி வந்தது. பெரிய ரோட்டை ஒட்டி வீடு. சுவர் முழுக்கத் தெர்மாகோல் ஒட்டினால் லாரி சத்தம் வராது என்று கடைக்காரர் சொன்னதாக அந்த உறுப்பினர் சொன்னார். நாங்களும் சரி என்று தலையாட்டினோம். கடன் வாங்கி ஒட்டினார். லாரி சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. தவணை மட்டும் மாதாமாதம் போனது. அவர் எங்களை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் அது எங்களுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. நாங்கள் படித்தது சமூகப் பணி. கட்டட வேலை எங்களுக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொன்னது எங்கள் தவறு.

அதனால் இந்த முறை, “கடனை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வையுங்கள். கேட்டுத் தெரிந்துகொண்டு வருகிறோம்” என்றோம். பொறியாளரிடம் கேட்டோம். மேஸ்திரியிடம் கேட்டோம். கட்டட வேலைக்குப் போகும் நம் உறுப்பினர்களிடமும் கேட்டோம். கேட்டதையும் படித்ததையும் உங்களுக்குச் சொல்லுகிறோம்.

நம் பகுதியில் ஏன் இந்தப் பேச்சு?

நம் பக்கத்தில் சத்தம் புதிதில்லை. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ஆம் ஆண்டில். ஜி.எஸ்.டி. ரோட்டில் இரவு பகல் வண்டி நிற்பதில்லை. பொழிச்சலூர், அனகாபுத்தூர், கொளப்பாக்கம் பக்கம் மீனம்பாக்கம் விமான நிலையம். சேலையூர், மாடம்பாக்கம் பக்கம் விமானப்படைத் தளத்தின் பயிற்சி விமானம். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பரில் திறந்த பிறகு வண்டலூர் பக்கம் பஸ் போக்குவரத்தும் கூடிவிட்டது. முடிச்சூர், மண்ணிவாக்கம் பக்கம் வெளிவட்டச் சாலை. நேற்று வரை வயல் பார்த்துக்கொண்டிருந்த வீடு இன்று ரோட்டைப் பார்க்கிறது.

சத்தம் வெறும் தொல்லை மட்டும் இல்லை, உடம்பையும் கெடுக்கும். தொடர்ந்து தூக்கம் கெட்டால் ரத்த அழுத்தமும் இதய நோயும் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நன்றாகத் தூங்குவதற்குப் படுக்கும் அறைக்குள் சத்தம் 30 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று அது 1999-இல் சொன்னது. டெசிபல் என்பது சத்தத்தை அளக்கும் அளவு. கிசுகிசுத்துப் பேசுவது 30. சாதாரணமாகப் பேசுவது 60. பரபரப்பான ரோட்டோரம் 75, 80. பத்து டெசிபல் கூடினால் நம் காதுக்குச் சத்தம் இரண்டு மடங்கு ஆனது போலக் கேட்கும். பத்து குறைந்தால் பாதியானது போலக் கேட்கும். ஒன்றிரண்டு டெசிபல் குறைந்தால் காதுக்குத் தெரியவே தெரியாது. இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

பிள்ளைகள் படிப்பு விஷயத்தில் ஒரு செய்தியைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் நியூயார்க் நகரில் ஒரு பள்ளிக்கூடம். அதன் ஒரு பக்கத்தை ஒட்டி, தூண்கள் மேல் போடப்பட்ட ரயில் பாதை. நாலைந்து நிமிடத்துக்கு ஒரு ரயில். ஒவ்வொரு முறையும் ஆசிரியர் பாடத்தை நிறுத்திவிட்டு நிற்பார். ஆர்லின் பிரான்சாஃப்ட் என்ற உளவியல் பேராசிரியர், அந்தப் பள்ளியில் ரயில் பக்கத்து வகுப்புப் பிள்ளைகளையும் அமைதியான பக்கத்துப் பிள்ளைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரே பள்ளி, ஒரே பாடம். ஆனால் ஆறாம் வகுப்புக்கு வரும்போது ரயில் பக்கத்துப் பிள்ளைகள் வாசிப்பில் ஏறத்தாழ ஒரு வருடம் பின்தங்கி இருந்தார்கள். இது 1975-இல் வெளிவந்தது. அதன் பிறகு தண்டவாளத்துக்கு அடியில் ரப்பர் வைத்தார்கள், வகுப்பறைக் கூரையில் சத்தம் உறிஞ்சும் பலகை போட்டார்கள். மறுபடி சோதித்து 1981-இல் வெளியிட்டபோது, இரண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் வித்தியாசம் இல்லை. சத்தம் குறைந்ததும் படிப்பு தேறிவிட்டது.

ஆகவே அந்த உறுப்பினர் கேட்டது நியாயமான கேள்விதான். ஆடம்பரம் இல்லை. ஆனால் சுவரைத் தடியாக்குவது சரியான வழியா என்பதுதான் பார்க்க வேண்டியது.

தலைக்குக் கனமானது சத்தத்துக்குத் தடை

சத்தம் என்பது காற்றில் வரும் அதிர்வு. அது வந்து சுவரில் மோதும்போது சுவரும் லேசாக அதிர்கிறது. அந்த அதிர்வு உள் பக்கக் காற்றை அசைக்கிறது. அதுதான் நமக்கு உள்ளே கேட்கும் சத்தம். லேசான சுவரை அசைப்பது சுலபம். கனமான சுவரை அசைப்பது கஷ்டம். வெறும் பெட்டியை ஒரு கையால் தள்ளிவிடலாம், நெல் மூட்டையைத் தள்ள முடியுமா? அப்படித்தான்.

சித்தாள் வேலைக்குப் போகும் ஒரு உறுப்பினர் இதை ஒரே வரியில் சொன்னார்: “அப்ப எந்தக் கல்லு என் தலையை அழுத்துதோ, அந்தக் கல்லுதான் சத்தத்தைத் தடுக்கும்.” அதேதான். ஒரு சதுர அடிச் சுவர் எவ்வளவு கனம் என்று பார்த்தால் எது தடுக்கும், எது தடுக்காது என்று தெரிந்துவிடும். கனம் இரண்டு மடங்கானால் சுமார் 5 அல்லது 6 டெசிபல் கூடுதலாகத் தடுக்கும்.

நம் பக்கம் கட்டுகிற சுவர்களை வரிசையாகப் பார்ப்போம். எல்லாமே சுமாரான கணக்கு. கல்லின் தரத்தையும் வேலையையும் பொறுத்து மாறும்.

தகர ஷீட்: ஒரு சதுர அடி அரைக் கிலோ சுமாருக்குத்தான் இருக்கும். ஓட்டையே இல்லாமல் அடித்தாலும் 20 டெசிபல் சுமாருக்குத்தான் தடுக்கும். மழை பெய்தால் அதுவே சத்தம் போடும்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்: ஒரு கிலோவுக்குச் சற்று மேல். தகரத்தை விடக் கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். இதை அறுப்பதோ துளை போடுவதோ வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் பல வருடம் கழித்துக்கூட நோய் வரும்.

ஏ.ஏ.சி. பிளாக்: வெள்ளையாக, தண்ணீரில் மிதக்கும் அளவுக்கு லேசாக இருக்கும் கல். நாலு இஞ்ச் சுவர் ஒரு சதுர அடிக்குப் பூச்சு இல்லாமல் 6 கிலோ, எட்டு இஞ்ச் 11, 12 கிலோ. பூசிய பிறகு நாலு இஞ்ச் 35 முதல் 40 டெசிபல் வரையும், எட்டு இஞ்ச் 45-ஐ ஒட்டியும் தடுக்கும்.

நாலரை இஞ்ச் செங்கல் சுவர்: இரண்டு பக்கமும் பூசினால் 20 முதல் 25 கிலோ. 40 முதல் 45 டெசிபல்.

ஹாலோ பிளாக்: ஆறு இஞ்ச் சுவர் 20 கிலோ சுமார். கல்லுக்குள் ஓட்டை இருப்பதோடு, கல்லிலேயே பொடித் துளைகளும் இருக்கும். பூசாமல் விட்டால் சத்தம் அந்தத் துளை வழியே புகுந்துவிடும். இரண்டு பக்கமும் பூசினால் நாலரை இஞ்ச் செங்கல் சுவரோடு ஒப்பிடலாம்.

ஆறு இஞ்ச் சாலிட் பிளாக்: பூச்சு இல்லாமலே 28, 30 கிலோ. நல்ல தடுப்பு.

ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர்: 40 கிலோவுக்கு மேல். இரண்டு பக்கமும் பூசினால் சுமார் 50 டெசிபல். சாம்பல் செங்கலும் நல்ல தரமாக இருந்தால் கிட்டத்தட்ட இதே கனம்தான், இதே பலன்தான்.

பாட்டி காலத்து மண்சுவர் வீட்டுக்குள் போனால் காது அடைத்தது போல அமைதியாக இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அந்தச் சுவர் ஒன்றரை அடி. அந்தக் கனம்தான் காரணம்.

வெயிலுக்கு ஒன்று, சத்தத்துக்கு ஒன்று

இங்கேதான் பல பேர் ஏமாறுகிறோம். வெயிலைத் தடுப்பது லேசான, காற்று நிறைந்த பொருள். சத்தத்தைத் தடுப்பது கனமான பொருள். இரண்டும் ஒன்றல்ல. ஏ.ஏ.சி. பிளாக் வெயிலுக்கு அருமை. ஆனால் சத்தத்துக்கு, அதே தடிமன் உள்ள செங்கல்லுக்கு ஈடாகாது. “இந்தக் கல்லு சூடும் வராது, சத்தமும் வராது” என்று யாராவது சொன்னால், கையில் தூக்கிப் பாருங்கள்.

தெர்மாகோல் கதையும் இதுதான். ஒரு முழுப் பலகையைச் சுண்டு விரலால் தூக்கிவிடலாம். கனமே இல்லாத பொருள் சத்தத்தை எப்படித் தடுக்கும்? மேலும் அது தீப்பிடித்தால் சடசடவென்று எரியும், விஷப் புகை வரும். சமைக்கிற வீட்டுச் சுவரில் ஒட்டவே கூடாது.

முட்டை அட்டையும் அப்படித்தான். திரைச்சீலை, பாய், மெத்தை இவை அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும். காலி வீட்டில் பேசினால் கணகணவென்று கேட்கிறதே, அதைச் சரி செய்யும். வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது. உறிஞ்சுவது வேறு, தடுப்பது வேறு.

சுவரை விட ஓட்டை பெரிது

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். குடத்தில் எவ்வளவு தடித்த பித்தளை போட்டாலும், அடியில் ஒரு ஓட்டை இருந்தால் தண்ணீர் நிற்குமா? சத்தமும் தண்ணீர் மாதிரிதான். இருக்கிற ஓட்டை வழியே வந்துவிடும்.

பத்தடிக்குப் பத்தடிச் சுவர், அதாவது 100 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். அதில் எல்லா இடுக்கும் சேர்ந்து ஒரே ஒரு சதுர அடி திறந்திருந்தால் போதும். மற்ற 99 அடியும் கோட்டைச் சுவராக இருந்தாலும், மொத்தத்தில் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது.

அந்த உறுப்பினர் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 100 சதுர அடிச் சுவரில் 12 சதுர அடி ஜன்னல்.

ஜன்னல் திறந்திருந்தால்: நாலரை இஞ்ச் சுவரானாலும் தடுப்பது 9 டெசிபல்தான். ஒன்பது இஞ்ச் ஆக்கினாலும் அதே 9 டெசிபல்தான்.

ஜன்னலை இடுக்கு இல்லாமல் நன்றாக மூடினால், அந்த ஜன்னல் மட்டும் சுமார் 25 டெசிபல் தடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். அப்போது நாலரை இஞ்ச் சுவரோடு சேர்ந்து மொத்தம் 33, 34 டெசிபல். ஒன்பது இஞ்ச் சுவரோடு சேர்ந்து 34 டெசிபல்.

வித்தியாசம் பார்த்தீர்களா? ஜன்னலைச் சரி செய்ததில் கிடைத்தது 24 டெசிபல். நாற்பதாயிரம் போட்டுச் சுவரைத் தடியாக்கியதில் கிடைப்பது ஒரு டெசிபல்கூட இல்லை. ஒன்றிரண்டு டெசிபல் காதுக்குத் தெரியாது என்று மேலே பார்த்தோம். அப்படியானால் அந்தக் கடன்?

கூட்டத்தில் இந்தக் கணக்கைப் பலகையில் எழுதிக் காட்டியபோது, கடன் கேட்டவர்தான் முதலில் சிரித்தார். “நல்லவேளை மேடம், செங்கல்லுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போனவளை நிறுத்திட்டீங்க.”

உங்கள் வீட்டில் நீங்களே பாருங்கள்

எங்கே ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடிக்க இன்ஜினீயர் வேண்டாம். குழுவாக அந்த உறுப்பினர் வீட்டுக்குப் போய் நாங்கள் செய்தது இது:

1. இருட்டிய பிறகு கதவு ஜன்னல் எல்லாம் மூடி, உள்ளே லைட்டைப் போட்டுவிட்டு ஒருவர் வெளியே நின்று பார்த்தார். வெளிச்சம் கசிகிற இடமெல்லாம் சத்தம் நுழைகிற இடம். கதவுக்கு அடியில் ஒரு விரல் இடைவெளி. ஜன்னல் நிலைக்கும் சுவருக்கும் நடுவே பூச்சு விட்டுப்போன விரிசல்.

2. ஊதுபத்தி ஏற்றி நிலை ஓரமாகப் பிடித்தோம். காற்று உள்ளே வருகிற இடத்தில் புகை ஆடியது. ஒயர் போகிற துளை, பைப் போகிற துளை இரண்டும் பிடிபட்டன.

3. ரயில் போகும்போது கண்ணை மூடிக்கொண்டு, சுவர், ஜன்னல், கூரை, கதவு என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் காதை வைத்துக் கேட்டோம். அவர் வீட்டில் சுவர் ஓரம் அமைதி. வென்டிலேட்டர் பக்கம் நின்றால் ரயில் வீட்டுக்குள் ஓடுகிற மாதிரி இருந்தது. யாரும் அதை நினைக்கவே இல்லை. ஜாலி வைத்த வென்டிலேட்டர், மூடவே முடியாது.

பிறகு வேலை நடந்தது. நிலை ஓர விரிசலில் சிமென்ட் வைத்து அடைத்தார்கள். கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை. ஜன்னல் கதவு நிலையில் உட்காரும் இடத்தில் ரப்பர் பீடிங். ஒயர் துளைகளுக்குச் சிலிக்கான். ரயில் பக்க வென்டிலேட்டரைச் செங்கல் வைத்து அடைத்து இரண்டு பக்கமும் பூசினார்கள். அதற்குப் பதிலாகப் பின்பக்கம், தோட்டத்துப் பக்கச் சுவரில் புது வென்டிலேட்டர் வைத்தார்கள். கொத்தனார் கூலியும் சேர்த்து ஆறாயிரத்துக்குள் முடிந்தது. மகள் படிக்கிற மேசையை ரயில் பக்கத்திலிருந்து எடுத்துப் பின்பக்கம் போட்டதற்குச் செலவே இல்லை.

ஒரு எச்சரிக்கை. ஓட்டை அடைக்கிறோம் என்று காற்று வரும் வழியையெல்லாம் அடைத்துவிடாதீர்கள். அடுப்பு எரிகிற இடத்தில் ஜன்னல் கண்டிப்பாக வேண்டும். விறகுப் புகையும் கேஸும் உள்ளேயே தங்கினால் உயிருக்கே ஆபத்து. சத்தம் வரும் பக்கத்தை மூடுங்கள், அமைதியான பக்கத்தைத் திறங்கள். ஒரு வழியை அடைத்தால் இன்னொரு வழியைத் திறந்தே ஆக வேண்டும்.

சத்தம் மேலிருந்து வந்தால்?

எல்லா வீட்டுக்கும் இதே மருந்து இல்லை. முதலில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

விமானம் போகும் வழியில் ஷீட் கூரை வீடு என்றால், சுவர் என்ன கல்லாக இருந்தாலும் பலன் குறைவு. சத்தம் தலைக்கு மேலிருந்து ஷீட் வழியாக வருகிறது. ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவே வளைவு வளைவாக இருக்கும் சந்து வழியாகவும் வருகிறது. அங்கே காசு இருந்தால் முதலில் போட வேண்டியது கூரைக்கு. ஐந்து இஞ்ச் கான்கிரீட் தளம் சதுர அடிக்கு 28 கிலோ சுமார் வரும், ஒன்பது இஞ்ச் சுவருக்கு நெருங்கிய தடுப்பு அது.

லைன் வீடுகளில் வேறு கதை. பக்கத்து வீட்டுப் பேச்சு, டி.வி., சண்டை எல்லாம் நம் வீட்டில் கேட்கும். பொதுச் சுவர் மெல்லிசு என்று நினைப்போம். ஏறிப் பார்த்தால் பல வீடுகளில் சுவர் ஷீட்டைத் தொடவே தொடாது. மேலே அரை அடி சந்து. அதைக் கல் வைத்துப் பூசி ஷீட் வரை ஏற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். இரண்டு வீட்டு சுவிட்ச் பெட்டியும் ஒரே இடத்தில் முதுகோடு முதுகாகப் பதித்திருந்தால் அதுவும் ஒரு ஓட்டைதான். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு இந்தப் பாடம் இன்னும் உதவும். 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீடு 360 சதுர அடி. அந்தச் சிறிய வீட்டில் ஒவ்வொரு சுவரும் கணக்கு. ரோட்டுப் பக்கச் சுவரில் செங்கல்லோ சாலிட் பிளாக்கோ வையுங்கள். அந்தப் பக்கம் ஜன்னலைச் சிறிதாக வையுங்கள். படுக்கிற அறை பின்னால், சமையலறை முன்னால் என்று மாற்ற முடியுமா என்று மேஸ்திரியிடம் கேளுங்கள். கட்டும்போது மாற்றினால் செலவில்லை. கட்டிய பிறகு மாற்றினால் கடன்தான். மாடியில் மட்டும், கீழே பீம் இல்லாத இடத்தில் கனமான சுவர் ஏற்றாதீர்கள். அதைப் பொறியாளர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

நாம் போடும் சத்தம்

நியாயமாக இன்னொன்றையும் பேச வேண்டும். இட்லி மாவு அரைக்கிறோம், மசாலா பொடிக்கிறோம், பவர் மெஷினில் தைக்கிறோம். அந்தச் சத்தம் அடுத்த வீட்டுக்குப் போகிறது. கிரைண்டரையும் மெஷினையும் பொதுச் சுவரில் ஒட்டி வைத்தால் அதிர்வு சுவர் வழியாகவே அடுத்த வீட்டுக்குப் போகும். எவ்வளவு தடித்த சுவரானாலும் அதைத் தடுக்காது. சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி வைத்து, அடியில் தடித்த ரப்பர் ஷீட் போடுங்கள். நியூயார்க்கில் தண்டவாளத்துக்கு அடியில் செய்த அதே வேலைதான். சத்தம் பிறக்கிற இடத்தில் நிறுத்துவது, கேட்கிற இடத்தில் நிறுத்துவதை விட எப்போதும் மலிவு.

ஒலிபெருக்கித் தொல்லைக்குச் சுவர் கட்ட வேண்டாம், சட்டம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் அளவு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. திருவிழா மாதிரி நாட்களுக்கு வருடத்தில் 15 நாள் வரை, அதுவும் இரவு 12 மணி வரை மட்டும், அரசு தளர்வு கொடுக்கலாம். உச்ச நீதிமன்றமும் 2005 ஜூலையில் இந்த இரவு நேரத் தடையை உறுதியாகச் சொன்னது. பரீட்சை நேரத்தில் ஒருவர் போய்க் கேட்டால் சண்டை ஆகலாம். குழுவாகப் போய்ப் பேசினால் கேட்பார்கள். கேட்காவிட்டால் காவல் நிலையம் இருக்கிறது.

அந்தக் கடன் என்ன ஆனது?

நாற்பதாயிரம் கேட்டவர் ஆறாயிரம் மட்டும் உள்கடன் வாங்கினார். தீர்மான நோட்டில் “வீட்டுப் பராமரிப்பு மற்றும் மகள் கல்வி” என்று எழுதினார்கள். பத்துத் தவணை. அந்த முறை மீதித் தொகை இன்னொரு உறுப்பினரின் கறவை மாட்டுக்குப் போனது.

சத்தம் முழுசாக நின்றுவிட்டதா என்று கேட்டால், இல்லை. ரயில் ஹார்ன் இன்னும் கேட்கிறது. கனமான சரக்கு ரயில் போனால் தரை அதிர்வதை எந்தச் சுவராலும் நிறுத்த முடியாது. “ஆனா இப்ப ரயிலு வெளியே போகுது மேடம், முன்னாடி வீட்டுக்குள்ள போச்சு” என்றார் அவர். கணவர் பகலில் நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்குகிறார். மகள் பின்பக்க மேசையில் படிக்கிறாள்.

தெர்மாகோல் ஒட்டிய உறுப்பினர் வீட்டுக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். அங்கேயும் ரோட்டுப் பக்கக் கதவுக்கு அடியில் ஒரு விரல் இடைவெளி இருந்தது. தெர்மாகோலைப் பிரித்து எடுத்துவிட்டு, கதவையும் ஜன்னலையும் சரி செய்ய அவருக்கு உதவினோம். எங்களால் வந்த நஷ்டத்துக்கு அது ஈடாகாது. ஆனால் போய்ச் சொல்லாமல் இருந்திருந்தால் அது இன்னும் பெரிய தவறு.

நினைவில் வையுங்கள்

- முதலில் சத்தம் எந்த வழியாக வருகிறது என்று பாருங்கள்.
- ஓட்டையை அடைத்த பிறகுதான் சுவரைப் பற்றி யோசிக்க வேண்டும்.
- கனமான கல் சத்தத்தைத் தடுக்கும், லேசான கல் வெயிலைத் தடுக்கும்.
- பூசாத சுவர் பாதிச் சுவர்.
- தெர்மாகோல், முட்டை அட்டை வேண்டாம்.
- சமையலறைக் காற்று வழியை அடைக்காதீர்கள்.

குழுக் கூட்டத்தில் கலந்து பேச

1. உங்கள் வீட்டில் அதிகச் சத்தம் எது? ரோடு, ரயில், விமானம், பக்கத்து வீடு, அல்லது நம் வீட்டு மெஷினா?

2. ஊதுபத்திச் சோதனையை இந்த வாரம் இரண்டு உறுப்பினர் வீட்டில் செய்து பாருங்கள். எத்தனை இடம் கிடைத்தது?

3. வீட்டு வேலைக்குக் கடன் கேட்டு வந்தால், கொடுக்கும் முன் குழுவிலிருந்து இரண்டு பேர் நேரில் போய்ப் பார்த்து வர வேண்டும் என்று தீர்மானம் போடலாமா?

4. பொதுத் தேர்வு மாதங்களில் நம் தெருவில் இரவு சத்தத்தைக் குறைக்கக் குழு என்ன செய்யலாம்?

நீங்கள் பேசிய முடிவுகளை ஊக்குநர் மூலம் கூட்டமைப்புக்கு எழுதி அனுப்புங்கள். உங்கள் ஊர் மேஸ்திரியோ, சித்தாள் வேலைக்குப் போகும் உறுப்பினரோ சொன்ன நல்ல யோசனை இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த இதழில் எல்லோருக்கும் சொல்லுவோம்.